டாக்ஸ் ரிலீஃப் கம்பெனி சர்வீஸ்: 5க்கு 2 ஸ்டார், அதுவும் ஒரே ஒரு அம்மாவுக்காக

அமெரிக்கால இருக்கறவங்களுக்கு தெரியும், ரேடியோவ போட்டா "ஐஆர்எஸ்க்கு கடனா, கால்வாசி கட்டி முடிச்சிரலாம்"னு விளம்பரம் வரும் (ஐஆர்எஸ்னா அங்கத்த வருமான வரித்துறை). அந்த டைப் கம்பெனி ஒண்ணு. பேர் போடல, விசாரிச்ச வரைக்கும் நிறைய பேரு இதே பாணிதான்.

மச்சானுக்கு கன்சல்டிங் வருமானம், எல்லாம் 1099 (வரி பிடிக்காம கைக்கு வர்ற காசு), மூணு மாசத்துக்கு ஒரு தடவ நாமளே முன்கூட்டி கட்ட வேண்டிய எஸ்டிமேட்டட் டாக்ஸ் கட்டாம விட்டுட்டாரு, பெனால்டி வட்டின்னு ஏறி 30,000 டாலர் கிட்ட வந்து நின்னுச்சு. போன் பண்ணோம். சேல்ஸ் ஆளு தேனா பேசுறாரு, பத்து நிமிஷத்துல "ஆஃபர் இன் காம்ப்ரமைஸ் போட்டு செட்டில் பண்ணிரலாம்"னுட்டாரு, அதாவது கடன்ல ஒரு பகுதிய மட்டும் கட்டி முடிக்கற ஏற்பாடு. சொந்த வீடு இருக்கா, பேங்க்ல எவ்ளோ இருக்கு, ஒரு கேள்வி இல்ல! அங்கயே எனக்கு பொறி தட்டுச்சு. ஏன்னா அந்த ஆஃபர்ல ஐஆர்எஸ் பாக்கறதே அதைத்தான், வீட்டு ஈக்விட்டி (வீட்டு மதிப்புல லோன் போக மிச்சம்), சேமிப்பு, மாசம் செலவு போக கையில நிக்கறது எல்லாத்தையும் கூட்டி முழு கடனும் வசூலாகும்னு வந்தா பொதுவா ஏத்துக்க மாட்டாங்க. நமக்கு தேறுமான்னு பாக்க ஐஆர்எஸ் சைட்லயே ப்ரீ-குவாலிஃபையர்னு ஒரு டூல் சும்மாவே இருக்கு, அப்ளிகேஷன் ஃபீஸ் 205 டாலர்தான். தேறாதவங்களுக்கும் ஆசை காட்டி காசு வாங்கற கம்பெனிங்கள பத்தி ஐஆர்எஸ்ஸே எச்சரிக்கை விட்டிருக்கு.

ஆனா மச்சான் கையெழுத்து போட்டாச்சு. ஃபேஸ் 1 "விசாரணை"ன்னு சில நூறு டாலர், என்னடா விசாரணைன்னு பாத்தா நம்ம ட்ரான்ஸ்கிரிப்ட்ட (ஐஆர்எஸ் கிட்ட இருக்கற நம்ம வரிக்கணக்கு விவரம்) எடுக்கறாங்க, அது நம்ம ஐஆர்எஸ் ஆன்லைன் அக்கவுன்ட்லயே ஃப்ரீ. ஃபேஸ் 2க்கு ஆயிரக்கணக்குல வாங்கிட்டு கடைசில போட்டு குடுத்தது சாதா தவணைத் திட்டம். 50,000 டாலருக்குள்ள கடன்னா அதை ஆன்லைன்ல நாமளே போட்டுக்கலாம் சார்.

முன்னாடி 3 வருஷம் ரெக்கார்ட் சுத்தமா இருந்தா ஃபர்ஸ்ட் டைம் அபேட்மென்ட்னு முதல் தடவைக்கான தள்ளுபடி கேட்டு லேட்டா கட்டுன பெனால்டிய எடுக்க சொல்லலாம், போன்லயே கேக்கலாம், அதை இவங்க வாயே திறக்கல, நாங்களா கேட்டு வாங்கினோம் (எஸ்டிமேட்டட் டாக்ஸ் பெனால்டிக்கு அது செல்லாது, வரிக்கு ஏறுன வட்டியும் போகாது). இன்னொண்ணு, கையில காசு இல்லனாலும் ரிட்டர்ன ஃபைல் பண்ணிருங்க, ஃபைல் பண்ணாததுக்கு மாசம் 5%, கட்டாததுக்கு வெறும் 0.5%.

சரி 2 ஸ்டார் எதுக்கு? நடுவுல பழைய ரிட்டர்ன்ல கார், ஹோம் ஆபீஸ் கழிவுக்கு தபால்ல ஆடிட் வந்துச்சு. அவங்க கிட்ட இருந்த என்ரோல்டு ஏஜென்ட் (ஐஆர்எஸ் கிட்ட நமக்காக பேச லைசென்ஸ் உள்ளவங்க) அம்மா தங்கமான வேலை பண்ணாங்க. மைலேஜ் லாக்ல தேதி, எங்க போனது, எதுக்கு போனது மூணும் இல்லாத வரிய எல்லாம் அவங்களே அடிச்சிட்டு, மிச்சத்துக்கு கிளையன்ட் மீட்டிங் காலண்டரையும் சர்வீஸ் பில்லுல இருந்த ஓடோமீட்டர் ரீடிங்கையும் சேத்து அனுப்பினாங்க, பெரும்பகுதி ஏத்துக்கிட்டாங்க. அக்காவுக்கும் ஹோம் ஆபீஸ் போடலாமான்னு கேட்டதுக்கு "டபிள்யூ-2 சம்பளக்காரங்களுக்கு 2018லேர்ந்து கிடையாது"ன்னு பட்டுனு சொல்லிட்டாங்க. இந்த மாதிரி ஆள நேரா பிடிங்க, கம்பெனி வேணாம்.

ரீஃபண்ட் கேட்டு மெயில் போட்டிருக்கோம். ஃபேஸ் 1 காசு திரும்பாதுன்னு கான்ட்ராக்ட்ல பொடி எழுத்துல இருக்கு, ஃபேஸ் 2ல பாதியாவது வருதான்னு பாப்போம்.