மைலுக்கு எட்டு சதம் கூடத் தருகிறோம் என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

கனடாவில் ஏ.இசட் லைசன்ஸ், அதுதான் ட்ரெயிலர் இழுக்கிற பெரிய ட்ரக் ஓட்டுகிற லைசன்ஸ், எடுத்துக்கொண்டு ட்ரக் வேலை தேடும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் முதலில் ஓடிய கொம்பனியின் பெயரைப் போடப் போவதில்லை. அவர்கள் மட்டும் செய்கிற வேலையும் இல்லை இது.

நான் ஸ்காபரோவில் பத்து வருடம் தொழிற்சாலையில் நின்றவன். ஒன்ராறியோவில் 2017 ஜூலையிலிருந்து ஏ.இசட் எடுக்க குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அந்தப் படிப்புக்கே கடன் பட்டிருந்தேன். படித்து முடித்தால் எங்கே போனாலும் அனுபவம் கேட்டார்கள். கடைசியில் ஊர்க்காரர் ஒருவர் ஒரு கொம்பனியின் ட்ரக் யார்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஆள் எடுக்கிறவரும் தமிழர்தான். தேத்தண்ணி தந்து இருத்திவிட்டுச் சொன்னார்:

"தம்பி, சம்பளக்காரனா வந்தா மைலுக்கு 60 சதம். ஒரு கோப்பரேஷன் திறந்துகொண்டு வந்தீரெண்டா 68. வரி ஒண்டும் வெட்டமாட்டம். உம்மட காசு முழுக்க உம்மட கையில."

அடுத்த கிழமையே 300 டொலர் கட்டிக் கோப்பரேஷன், அதாவது சொந்தமாக ஒரு கொம்பனி, பதிந்தேன். மகளின் பெயரை வைத்தேன். பெரிய முதலாளியாகிவிட்ட நினைப்பு.

முதலாளியான என்னிடம் என்ன இருந்தது? ட்ரக் அவர்களுடையது. ட்ரெயிலர், டீசல் கார்ட், காப்புறுதி எல்லாமே அவர்களுடையவை. எந்த லோட், எத்தனை மணிக்கு என்பதை அவர்களுடைய டிஸ்பாச்சர், அதாவது லோட் பிரித்துக் கொடுக்கிறவர், சொல்வார். வேறு கொம்பனிக்கு ஓடக் கூடாது. ஒரு லோட் வேண்டாமென்றால் மூன்று நாளைக்குப் போன் வராது. எனக்கென்று இருந்தது சேஃப்டி சப்பாத்தும் ஒரு சோடி கையுறையும்தான்.

கனடாவில் இந்த ஏற்பாட்டுக்கு 'டிரைவர் இன்க்' என்று பெயர். சொந்த ட்ரக் வாங்கி, டீசலும் காப்புறுதியும் தானே கட்டி, லாப நட்டத்தைத் தானே சுமந்து ஓடுகிற ஓனர்-ஒப்பரேட்டர் வேறு. என் மச்சான் அப்படித்தான் ஓடுகிறார், அதில் பிழையே இல்லை. டிரைவர் இன்க் என்பது அடுத்தவனுடைய ட்ரக்கில் கூலிக்கு ஓடுகிறவனுக்கு முதலாளி வேஷம் போட்டுவிடுவது.

அந்த எட்டு சதக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. நீங்கள் இப்போதே பாருங்கள். கிழமைக்கு 2,500 மைல், வருடத்தில் 50 கிழமை: 125,000 மைல். எட்டு சதம் கூட என்றால் 10,000 டொலர். சரி, 60 சதத்துக்குச் சம்பளக்காரனாக ஓடினால் வருமானம் 75,000. அதற்கு விடுமுறைச் சம்பளம் குறைந்தது 4 வீதம், அது 3,000. மாகாணம் தாண்டி ஓடுகிறவர்களுக்கு மத்திய அரசின் தொழிற்சட்டம். அதில் வருடத்துக்குச் சம்பளத்தோடு 10 பொது விடுமுறை நாட்கள். நாளுக்கு 300 என்றால் இன்னொரு 3,000. ஓய்வூதியத் திட்டத்துக்கு, அதுதான் சி.பி.பி, முதலாளி கட்ட வேண்டிய 5.95 வீதம் நாலாயிரத்துக்குக் கிட்ட வரும். கோப்பரேஷன்காரனுக்கு இதெல்லாம் கிடையாது. பத்தாயிரமும் முடிந்தது. வேலையிழப்புக் காப்புறுதியையும் விபத்துக் காப்புறுதியையும் நான் இன்னும் தொடவேயில்லை.

தொட வேண்டி வந்தது ஒரு தை மாதம். தண்டர் பேயில் ட்ரெயிலரைக் கழற்ற, கைபிடியைச் சுழற்றி அதன் கால்களை இறக்கிக்கொண்டிருந்தேன். நிலமெல்லாம் கண்ணாடி மாதிரி உறைபனி. கால் வழுக்கியது, பிடி கைநழுவித் திரும்பிச் சுழன்று தோளில் அடித்தது. ஏழு கிழமை வீட்டில். விபத்துக் காப்புறுதிக்கு என் பேரில் ஒரு சதமும் கட்டியிருக்கவில்லை. இ.ஐ, அதுதான் அந்த வேலையிழப்புக் காப்புறுதி, எடுக்கப் போனால் கணக்கில் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒஃபிஸுக்குப் போன் எடுத்தேன். "நீர் கொன்ட்ரக்டர்தானே, உம்மட இன்சூரன்ஸைப் பாரும்" என்றார், அன்றைக்குத் தேத்தண்ணி தந்த அதே மனுஷன்.

தோள் ஆறித் திரும்பிப் போனபோது என் ட்ரக்கில் வேறொரு பொடியன். கடைசிக் காசிலும் ட்ரெயிலர் கதவு சேதம் என்று 1,000 டொலர் வெட்டியிருந்தார்கள். எந்தக் கதவு, என்றைக்கு உடைந்தது என்று ஒரு துண்டுகூட இல்லை.

அப்புறம் வந்தது வரிக் கடிதம். கொம்பனி காட்டிவிட்ட அக்கவுண்டன்ட், என்னுடையதைச் சிறு வணிகம் என்று காட்டி 12.2 வீத வரியில் பதிந்திருந்தார். சி.ஆர்.ஏ, அதுதான் கனடாவின் வரித் திணைக்களம், அதைத் திறந்து பார்த்துவிட்டு, இது வணிகமே இல்லை, கோப்பரேஷன் போர்வைக்குள் இருக்கிற வேலைக்காரன் என்றது. அவர்கள் பாஷையில் தனிநபர் சேவை வணிகம். ஒன்ராறியோவில் அதற்கு வரி 44.5 வீதம். கோப்பரேஷனில் நான் விட்டுவைத்திருந்த 40,000 டொலருக்கு 4,880 கட்டியிருந்தேன். கட்ட வேண்டியது 17,800. போன், சாப்பாடு, கார் என்று கழித்த செலவையெல்லாம் ஏற்க மாட்டோம் என்று தள்ளிவிட்டார்கள். மேலே வட்டி. செக்கோடு வந்த 13 வீத எச்.எஸ்.ரி விற்பனை வரிக் காசிலும் கொஞ்சத்தை வீட்டு வாடகைக்கு எடுத்திருந்தேன். அது அரசாங்கத்தின் காசு, உங்களுடையது இல்லை. தொடாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் நிற்கிறது, அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். 2021 ஜனவரியிலிருந்து வேலைக்காரனைக் கொன்ட்ரக்டர் என்று காட்டுவதை மத்திய தொழிற்சட்டம் தடை செய்திருக்கிறது. இல்லை, இவர் கொன்ட்ரக்டர்தான் என்று நிரூபிக்க வேண்டியது கொம்பனி. 2024 ஜூனில் அதை இன்னும் இறுக்கினார்கள். நீங்கள் என்ன ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருந்தாலும் முறைப்பாடு செய்யலாம். ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடுகிறவர்கள் மாகாணத் தொழில் அமைச்சுக்குப் போக வேண்டும். சம்பள பாக்கிக்கான மத்திய அரசு முறைப்பாட்டுக்கு ஆறு மாதம்தான் தவணை. நான் ஊர்க்காரர் முகத்துக்காகப் பொறுத்துப் பொறுத்து எட்டாம் மாதம் போனேன்.

டிஸ்பாச்சரின் மெசேஜ் ஒன்றையும் அழிக்காதீர்கள். ட்ரக்கில் பதிவாகும் ஓட்ட நேரத்தைப் படம் எடுத்து வையுங்கள், ட்ரக் அவர்கள் கைக்குப் போனால் அதுவும் போய்விடும். கோப்பரேஷன் திறக்கச் சொன்னால், அவர்கள் காட்டும் அக்கவுண்டன்ட் வேண்டாம், நீங்களாக ஒருவரைத் தேடிப்பிடித்து, ட்ரக் யாருடையது என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

நான் இப்போது வேறு இடத்தில் மைலுக்கு 61 சதத்துக்கு ஓடுகிறேன், எல்லாம் வெட்டித்தான் வருகிறது. சி.ஆர்.ஏக்கு மாதம் 400 டொலர் போகிறது. கடன் தீரும்வரை அந்தக் கோப்பரேஷனை மூடவும் முடியாது. கடிதமெல்லாம் இன்னும் மகளின் பெயருக்குத்தான் வருகின்றன.