குன்னூர் ரிசார்ட்டில் புது எச்.ஆர். துறை: பி.எஃப். வேலை கோவை கன்சல்டன்ட்டிடமா, நம் மேஜையிலா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் 60, 70 பேர் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் எச்.ஆர். துறையைப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வாரத்திலேயே வரும் கேள்வி இது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (ஊழியர் மருத்துவக் காப்பீடு) வேலையைக் கோவை கன்சல்டன்ட்டிடம் விடுவதா, சம்பள சாஃப்ட்வேர் வாங்குவதா, ஓர் உதவியாளரை வைத்து நாமே பார்ப்பதா? நாமே பார்ப்பதுதான் என் கட்சி.

மாதச் செலவை மட்டும் பார்த்தால் கன்சல்டன்ட்தான் மலிவு, அதில் தகராறு இல்லை. கணக்கும் பெரிய வித்தையல்ல. பி.எஃப்.புக்கு இரு பக்கமும் 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ.க்கு ஊழியர் 0.75, நிறுவனம் 3.25. இரண்டையும் மறு மாதம் 15-க்குள் கட்ட வேண்டும்.

சிக்கல் கணக்கில் இல்லை, ஆள் சேரும் நாளில் இருக்கிறது. ஏப்ரல் சீசனுக்கு வருகிற ஹவுஸ்கீப்பிங் பையன் மே மலர்க் கண்காட்சி முடிந்து ஜூனில் இறங்கிவிடுவான். 2025 ஆகஸ்ட் முதல் புது யு.ஏ.என். (ஊழியரின் பி.எஃப். அடையாள எண்) எடுக்க அவனே உமங் என்ற அரசுச் செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும். ஆதாரில் உள்ள செல் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். பழைய சிம்மைத் தொலைத்திருந்தால் கதை அங்கேயே நின்றது. எண்ணை மாற்றவும் அவனேதான் முன்வர வேண்டும். இதைக் கோவையில் உட்கார்ந்து யாரும் செய்ய முடியாது. கன்சல்டன்ட் வாட்ஸ்அப்பில் "கே.ஒய்.சி. பெண்டிங் சார்" என்று அனுப்புவார். அதற்குள் பையன் ஊருக்கு ரயிலேறியிருப்பான்.

அதனால் வேலைக்குக் கூப்பிடும் போனிலேயே இரண்டு கேள்வி: ஏற்கெனவே யு.ஏ.என். இருக்கிறதா? ஆதாரில் உள்ள நம்பர் இப்போது கையில் இருக்கிறதா? சேரும் நாளில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் (ரிசப்ஷன் வைஃபை போதும்) உட்கார வைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி செய்து முடித்துவிட வேண்டும். நேபாளத்தவருக்கு இந்த முக அடையாளம் தேவையில்லை, நிறுவனமே பழைய முறையில் எடுக்கலாம்.

நம் ஊர் ஆட்களிடம் தொல்லை இனிஷியல். ஆதாரில் 'முருகன் கா', பேங்க் பாஸ்புக்கில் 'கா. முருகன்', பள்ளிச் சான்றிதழில் 'முருகன் காளிமுத்து'. ஆதாரில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, சேர்ப்புப் படிவத்தில் எழுத வேண்டும். இந்த ஒரு பழக்கம் பின்னால் பல திருத்த விண்ணப்பங்களை மிச்சப்படுத்தும்.

வெளியேறும் தேதியும் அப்படித்தான். அதைப் பதியாமல் விட்டால் அவர் பணத்தை எடுப்பதும் மாற்றுவதும் இழுபடும். கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து ஊழியரே பதியலாம் என்றாலும், எத்தனை பேருக்கு அது தெரியும்? மாதாமாதம் பி.எஃப். போர்ட்டலில் ஏற்றும் ஈ.சி.ஆர். ஃபைலில் என்.சி.பி. நாட்கள், அதாவது சம்பளமில்லா விடுப்பு நாட்கள், எல்லோருக்கும் பூஜ்யம் என்று போவதும் வழக்கம். வருகைப் பதிவேடு நம் மேஜையில் இருந்தால் இது நடக்காது.

சாஃப்ட்வேரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 60 பேருக்கு எக்செல் தாங்கும். வாங்கினாலும் ஒன்றைச் சோதியுங்கள்: ஜூலையில் ஒருவர் மாதச் சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டினால் பிடித்தம் உடனே நிற்கக் கூடாது, அந்த அரையாண்டு முடியும் செப்டம்பர் 30 வரை ஓட வேண்டும். அதைத் தவறவிடும் சாஃப்ட்வேர் வேண்டாம்.

கன்சல்டன்ட்டை அறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. விசாரணை நோட்டீஸ், பழைய பாக்கி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கு ஏற்பச் சம்பளப் பிரிப்பை (அடிப்படைச் சம்பளம், படிகள்) மாற்றுவது போன்றவற்றுக்கு அவர் வேண்டும். வேலைக்கேற்பக் கட்டணம் பேசிக்கொள்ளலாம். 300 பேர், மூன்று கிளை என்றால் என் கணக்கு மாறக்கூடும்.

யாரிடம் விட்டாலும் போர்ட்டலில் பதிந்த செல் எண்ணும் மின்னஞ்சலும் நிறுவனத்துடையதாக இருக்கட்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் நம் பீரோவிலேயே இருக்கட்டும். கன்சல்டன்ட்டின் சொந்த எண்ணைப் பதிந்துவிட்டு, ஆள் மாற்றும்போது ஓ.டி.பி.க்காக அவரிடமே கெஞ்சும் நிறுவனங்கள் நிறைய. தேதி இப்படி: 25-இல் வருகைப் பதிவை மூடுவது, 7-க்குள் சம்பளம், 10-இல் ஈ.சி.ஆர்., 12-இல் செலான். மீதி மூன்று நாள், பேங்க் சர்வர் படுத்தாலும் கரண்ட் போனாலும் சமாளிக்க.