மன்னிப்புக்குக் காப்பா, சொல்லியாக வேண்டிய கடமையா: கொலராடோவும் இங்கிலாந்தும்

சிகிச்சையில் பிழை நேர்ந்தபின் மருத்துவர் நோயாளியிடமோ உறவினரிடமோ “தவறு என்னுடையது” என்று சொன்னாலும், சிவில் வழக்கில் அதைப் பொறுப்பேற்பாகக் காட்ட முடியாது. இது அமெரிக்க மாநிலமான கொலராடோவின் 2003 சட்டம். (கலிபோர்னியாவில் அனுதாபச் சொற்களுக்கு மட்டுமே காப்பு, தவறை ஒப்புக்கொண்ட வாக்கியம் சாட்சியமாகலாம்.) ஆனால் வாய் திறந்தே ஆகவேண்டும் என்று கொலராடோ சட்டம் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் 2014 முதல் நடந்ததைச் சொல்வதே கடமை. மிதமான பாதிப்போ அதற்கு மேலோ நேர்ந்தால், மருத்துவமனை நேரில் தெரிவித்து, தெரிந்த உண்மைகளையும் அடுத்த விசாரணையையும் விளக்கி, மன்னிப்புக் கேட்டு, பிறகு எழுத்திலும் தர வேண்டும். தவறினால் 2,500 பவுண்டு வரை அபராதம். பெரிய மருத்துவமனைக்குச் சில்லறைக் காசு. பாதிப்பின் அளவை நிறுவனமே மதிப்பிடுவதுதான் ஓட்டை: ‘லேசானது’ என்று குறித்துவிட்டால் சட்டக் கடமை எழாது. அப்படியும் நோயாளிக்கு இங்கிலாந்து முறையே மேல்.