அறுகம்பேயில அவுஸ்திரேலியாக்காரங்களக் கூட்டிட்டுப் போக ஏத்த ஒரு சாப்பாட்டுக் கடை

சீசன் நேரம் மட்டக்களப்பில இருந்து அறுகம்பேக்கு வெளிநாட்டு ஆக்கள வான்ல ஏத்திட்டுப் போறதுதான் என்ட தொழில், கல்முனை அக்கரைப்பற்று திருக்கோவில் கோமாரி எண்டு போய் பொத்துவில்ல இறங்கிறதுக்குள்ளயே இரவுக்கு எங்க சாப்பிடலாம் எண்டு கேக்கத் தொடங்கிருவாங்க. இப்ப நான் யோசிக்காமச் சொல்லுற கடை ஒண்டு இருக்கு. பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது, பாலம் தாண்டி மெயின் ரோட்டால போனா கடல் பக்கமா ஓலை மேஞ்ச கடை, வாசல்ல ஒரு கரும்பலகையில சோக்கால ‘பி.வை.ஓ’ எண்டு எழுதியிருக்கும். அதுதான் அடையாளம்.

பி.வை.ஓ எண்டா குடிக்கிறத நீங்களே கொண்டு வாங்க, சாப்பாடு நாங்க தாறம் எண்டு அர்த்தம். மெல்பேர்ண் பக்கம் இது பழைய பழக்கம், கடைக்காரருக்கு மதுபான லைசன்ஸ் எடுக்கிறது பெரிய பாடா இருந்த காலத்தில வளந்தது, இண்டைக்கும் அங்க சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள்ல உண்டு. போத்தல் திறந்து கிளாஸ் குடுக்கிறதுக்கு கோர்க்கேஜ் எண்டு அங்க ஒரு காசு எடுப்பாங்க, இங்க அதுவும் எடுக்கிறல்ல, கிளாஸும் ஐஸும் சும்மாதான். கடைக்காரர் வைன் விக்கிறதும் இல்ல, தொடுறதும் இல்ல. அவர்ட வேலை மீனும் நண்டும்.

நான் இந்தக் கடையப் பத்தி எழுத முக்கிய காரணம் மேசைக்கு வாற பெடியன். திருக்கோவில் ஆள், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். அவுஸ்திரேலியாக்காரங்க வைன வைன் எண்டு சொல்லுறது குறைவு, எல்லாத்துக்கும் ஒரு கட்டப் பேர் வச்சிருப்பாங்க, சார்டனேக்கு சார்டி, கபர்னே சோவினியோனுக்கு கேப் சேவ், சோவினியோன் ப்ளாங்க்குக்கு சவ்வி பி, நுரை வாற வைனுக்கு பபிள்ஸ் இல்லாட்டி சாம்பர்ஸ். இது தெரியாட்டி கஷ்டம்தான். வேற ஒரு இடத்தில, பேர் வேணாம், என்ட வான்ல வந்த ஒரு வயசான அம்மா பபிள்ஸ் கேட்டதுக்கு சோடாப் போத்தல உடைச்சுக் கொண்டு வந்து வச்சு, அது வேணாம் எண்டு சொல்லியும் பில்லுலயும் போட்டு, அந்த மனுசி பேசாமக் காசக் குடுத்துட்டு மறுகா வான்ல வரக்குள்ள ஒரு வார்த்த கதைக்கல்ல, எனக்கு மனசுக்குச் சரியில்லாமப் போச்சு.

இந்தப் பெடியன் அப்பிடி விட மாட்டான். சட்டப் பையில ஒரு சின்னக் கொப்பி வச்சிருக்கான், ஓரமெல்லாம் மீன் குழம்புக் கறை, விளங்காத சொல் ஒண்டு காதில விழுந்தா விருந்தாளிட்டயே கேட்டு தமிழ் எழுத்தில எழுதிக்கிறான். எனக்குக் காட்டினான். ‘பாட்டில் ஓ: வைன் ஸ்டோர்ஸ்’ எண்டு ஒரு வரி, அதுக்குக் கீழ ‘ரெட் நெட்: மலிவான சிவப்பு’, ‘ஸ்டிக்கி: இனிப்பு வைன், கடைசியாக் குடிக்கிறது, சின்னக் கிளாஸ்’. அந்தச் சின்னக் கிளாஸ் எண்டு எழுதினதப் பாத்துத்தான் எனக்கு இவன நல்லாப் பிடிச்சுப் போச்சு, அர்த்தத்தோட நிக்காம மேசையில என்ன வைக்கணும் எண்டும் எழுதி வச்சிருக்கான்.

பாட்டில் ஓ எண்ட சொல் முந்தி அங்க வீடு வீடா வந்து வெறும் போத்தல் வாங்கிற ஆளுக்குச் சொன்னது, நம்மட ஊர்லயும் சைக்கிள்ல போத்தல் பேப்பர் எண்டு கத்திட்டு வருவாங்களே அது மாதிரி ஆக்கள். கிளீன்ஸ்கின் எண்டா லேபிள்ல கம்பனிப் பேர் இல்லாத வைன், ஆனா முதல்ல அது குறி சுடாத மாட்டுக்குச் சொன்ன பேராம். நான் அதச் சொன்னதும் பெடியன் ஒரு நிமிசம் கூட யோசிக்கல்ல, “ஓ அண்ணன், குறி இல்லாட்டி ஆர்ர மாடெண்டு எப்பிடித் தெரியும்” எண்டு கொப்பியில எழுதிட்டான். அவன்ட அப்பாக்கு பட்டி மாடு இருக்கு. பிளொங்க் எண்டா மலிவு வைன், முதலாம் உலக யுத்தத்தில பிரான்ஸுக்குப் போன அவுஸ்திரேலியச் சிப்பாய்மார் வெள்ளை வைனுக்கு அந்த நாட்டுக்காரர் சொல்லுற ‘வன் ப்ளாங்’க வாய்க்கு வந்தபடி சொல்லப் போய் வந்த சொல் எண்டுதான் கன பேர் சொல்லுறாங்க.

கூன் எண்டு அவங்க சொல்லுற பெட்டி வைன் பத்தி கொஞ்சம் கூடவே சொல்லணும், இளம் ஆக்கள் வந்தா அதத்தான் கதைப்பாங்க. கடதாசிப் பெட்டிக்குள்ள வெள்ளி நிறப் பை, அதுக்குள்ள வைன், கீழ ஒரு சின்னத் திருகுக் குழாய். 1965இல தெற்கு அவுஸ்திரேலியாவில ரென்மார்க்கில இருந்த தோமஸ் அங்கோவ் எண்டவர் இதுக்கு காப்புரிமை எடுத்தார், அப்ப குழாய் இல்ல, பையிட மூலைய வெட்டி ஊத்திட்டு திரும்ப கிளிப் போட்டு மூடணும், 1967இலதான் பென்ஃபோல்ட்ஸ் கம்பனி குழாயோட கொண்டு வந்தது. பை சுருங்கச் சுருங்க உள்ள காத்துப் போகாது, அதால வைன் பழுதாகிறதும் சுணங்கும், உண்மையிலயே கெட்டிக்கார வேலை. பிரான்ஸ்ல பெரிய வைன் தோட்டங்களுக்கு ஷாட்டோ எண்டு பேர் வைப்பாங்க, அதக் கேலி பண்ணி இந்தப் பெட்டிக்கு ஷாட்டோ கார்ட்போர்ட் எண்டு இன்னொரு பேரும் இருக்கு. உடுப்புக் காயப்போடுற சுத்துற கம்பியில பையத் தொங்கவிட்டுச் சுத்தி, ஆருக்கு நேரா வந்து நிக்குதோ அவர் குடிக்கணும் எண்டு ஒரு விளையாட்டும் அங்க உண்டு. அது எனக்குச் சரிவராது. 4 லீட்டர் பெட்டியில 9.5 வீதம் மதுசாரம் எண்டா அவங்கட கணக்கில கிட்டத்தட்ட 30 ஸ்டாண்டர்ட் டிரிங்க் (ஒண்டு எண்டா 10 கிராம் மதுசாரம்), பெட்டிக்குள்ள இருக்கிறதால எவ்வளவு குடிச்சம் எண்டு கண்ணுக்குத் தெரியாது, விடிய எழும்பி அலையில சறுக்கப் போற புள்ளைகள் இவங்க. ஆராவது கூன் எண்டு கதைக்கத் தொடங்கினா இந்தப் பெடியன் கேக்காமலே ஒரு ஜக் தண்ணியக் கொண்டு வந்து நடுமேசையில வைக்கிறான், ஒண்டும் சொல்லுறல்ல, சும்மா வச்சிட்டுப் போறான். அதுக்காகவே அந்தக் கடைக்கு என்ட ஆக்கள நம்பி விடுவன்.

சாப்பாட்டுக்கு வாறன். பாரை மீன் சுட்டது நல்ல ருசி, தோல் கருகாம உள்ள ஈரமா இருக்கும், எலுமிச்சம்பழமும் கொச்சிக்காய்ச் சம்பலும் வேறயா வைப்பாங்க. அதுக்கு வெள்ளை வைன நல்லாக் குளிராக்கிக் குடிக்கிறாங்க, போத்தல ஐஸ் வாளியில கழுத்து வரைக்கும் தாட்டு வைப்பான், கிளாஸக் கொண்டு வரக்குள்ள தண்டிலதான் பிடிப்பான், கிண்ணத்தில விரல் படாது. நண்டுக் கறியோட சிராஸ் எண்ட சிவப்பு வைன் குடிச்ச ஒருத்தர் உறைப்புக்கு அது சரிவரல்ல எண்டார், அது கறியிட குறை இல்ல. சிவப்பையும் ஒல்லுப்போல குளிர வச்சுத் தாறது நல்லம், நம்மட வெக்கைக்கு ‘அறைச் சூடு’ எண்டு வச்சா அது சுடுதண்ணிதான். கடைசியா வட்டிலப்பம். ரதர்க்ளன் மஸ்கட் எண்ட ஸ்டிக்கிப் போத்தல் ஒண்டு கொண்டு வந்த தம்பதி வட்டிலப்பத்தோட அதக் குடிச்சிட்டு ரெண்டாம் தரமும் வட்டிலப்பம் எடுத்தாங்க. நான் வண்டி ஓட்டுற ஆள், எனக்கு வட்டிலப்பமும் பிளேன்டீயும் போதும், ஏலக்காய் வாசம் தூக்கும்.

குறையும் இருக்கு. மீன் வர நேரமாகும், பசியோட போனா கஷ்டம், சின்னப் புள்ளைகள் இருந்தா முதல்லயே ரொட்டி சொல்லி வைங்க. கடைசி மேசைப் பக்கம் நுளம்பு. கணவாய் ஒரு நாள் நல்லா இருக்கும், இன்னொரு நாள் ரப்பர். வைன் கிளாஸ் காணாது, கூட்டமான நாள்ல தண்ணி கிளாஸ்லதான் ஊத்துவாங்க, அத முதலாளி பாக்கணும். அந்தப் பெடியனுக்கு சம்பளம் கூட்டிக் குடுக்கிறதப் பத்தியும் அவர் யோசிக்கணும், இத அவர்ட்ட நேராவும் சொல்லியிருக்கன்.

போறவங்க கவனிக்க, போயா நாள்ல வைன் ஸ்டோர்ஸ் எல்லாம் பூட்டு, அதால முதல் நாளே போத்தல வாங்கி வச்சிருங்க. அவுஸ்திரேலியாவில இருந்து வாற போத்தல் அநேகமாத் திருகு மூடிதான், ஆனா கோர்க் அடிச்சது எண்டா திறக்கிற சாமானும் கொண்டு போங்க, கடையில இருக்கிறது ஒண்டே ஒண்டு, அதுவும் வளைஞ்சு கிடக்கு. சனி ஞாயிறு எண்டா பின்னேரமே போய் மேசை சொல்லிட்டு வாங்க.