883-இல் மூன்று சைலன்சர்: பெண்ட் பைப் நீளம் எங்கே தெரிகிறது

ஹார்லி அயர்ன் 883-ஐ (ஸ்போர்ட்ஸ்டர் வரிசையில் வந்த இரண்டு சிலிண்டர் பைக்) செகண்ட்ஹேண்டில் வாங்கியபோது அதில் கம்பெனி சைலன்சர் இல்லை. முந்தைய உரிமையாளர் நேராகப் பின்னால் போகும் இரண்டு டிராக் பைப் மாட்டியிருந்தார். கழற்றிய ஒரிஜினல் செட்டை ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தார். அதனால் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்க முடிந்தது. அப்புறம் மூன்றாவதாக, இரண்டு பைப்பும் சேர்ந்து ஒன்றாகும் ஒரு டூ-இன்டூ-ஒன் வந்தது. சில வருடங்களாக வண்டியில் இருப்பது அதுதான்.

சத்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டிராக் பைப் அருமையாக முழங்கும், பக்கத்து வீட்டார் உங்களோடு பேச மாட்டார்கள். 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு நம் விதிகளில் 80 டெசிபல்தான் வரம்பு. டிராக் பைப் அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது. போலீஸ் நிறுத்தினால் வாதாட ஒன்றுமில்லை.

இழுவைதான் எனக்கு முக்கியம். அதைப் பார்க்கக் கொல்லிமலையைவிட நல்ல இடம் தெரியவில்லை. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் செத்து, இரண்டாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து மறுபடி எழ வேண்டும். டிராக் பைப்போடு போனபோது 2500 தாண்டியதும் வண்டி தயங்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் கூடும், இழுக்காது. 3500-ஐத் தாண்டியதும் திடீரென்று உயிர் வந்து பாயும், அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஒரிஜினல் செட்டில் இழுவையில் அந்தப் பள்ளம் இல்லை.

இதைச் சொன்னால் எந்த மெக்கானிக்கும் "பேக் பிரஷர் போயிடுச்சுண்ணே" என்பார், அதாவது புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எஞ்சினுக்கு பேக் பிரஷர் என்றைக்குமே தேவையில்லை, அது வெறும் தடைதான். இங்கே ஆட்டம் காட்டுவது அலை. எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. பைப்பின் திறந்த முனையை அடைந்ததும் அது தாழ்வழுத்த அலையாக மாறித் திரும்பி வருகிறது. இரண்டு வால்வுகளும் கொஞ்சம் திறந்திருக்கும் ஓவர்லேப் நேரத்தில் அந்தத் தாழ்வழுத்தம் வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி, புதுக் கலவையையும் உள்ளே இழுத்துவிடும். அலை அப்படியே முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும். வேறு ஒரு ஆர்பிஎம்மில் அதே ஓவர்லேப் நேரத்தில் அழுத்த அலை வந்து நின்றால், எரிந்த வாயு சிலிண்டருக்குள்ளேயே திரும்பத் தள்ளப்படும். நான் கொல்லிமலையில் திட்டிய பள்ளம் அதுதான். அலையின் வேகத்தை வாயுவின் சூடு தீர்மானிக்கிறது, எஞ்சின் வேகமோ மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒரு நீளம் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்குத்தான் முழுசாகப் பொருந்தும்.

டியூனிங் செய்பவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொடுவதற்கு எத்தனை டிகிரி முன்பு திறக்கிறதோ அதோடு 180-ஐக் கூட்டி, 850-ஆல் பெருக்கி, ஆர்பிஎம்மால் வகுத்து, 3-ஐக் கழித்தால் பைப்பின் நீளம் அங்குலத்தில் வரும். வால்வு 60 டிகிரி முன்பு திறப்பதாக வைத்துக்கொண்டால், 5500 ஆர்பிஎம்முக்கு 34 அங்குலம் போதும். 3000-க்கு 65 அங்குலம் வேண்டும், ஐந்தடிக்கும் மேலே! ஆக, முப்பது சொச்சம் அங்குலத்தில் முடிந்துவிடும் டிராக் பைப் மேல் ஆர்பிஎம்முக்கு மட்டுமே ஆனது. 6000-க்கே மூச்சு வாங்கும் எஞ்சினில் அந்த லாபத்தை நாம் எங்கே போய் அனுபவிப்பது? ஈசிஆரில் டாப் கியரில் போனாலே 3000-ஐ ஒட்டித்தான் ஓடுகிறது.

பழைய ஹார்லிக்காரர்களிடம் இதற்கு ஒரு மலிவு வைத்தியம் இருக்கிறது: பைப்பின் வாயருகே குறுக்கே துளைபோட்டு ஒரு போல்ட். அலையில் ஒரு பகுதியை அது சீக்கிரமே திருப்பி அனுப்பிக் குழப்பத்தைக் குறைக்கும். என் டிராக் பைப்பிலும் இருந்தது. சோதனைக்குக் கழற்றியபோது பள்ளம் இன்னும் ஆழமானது, எனவே அது சும்மா கதையில்லை. ஆனால் போல்ட் போட்டாலும் ஒரிஜினல் அளவுக்கு இழுவை வரவில்லை.

டூ-இன்டூ-ஒன் சங்கதி வேறு. இரண்டு பெண்ட் பைப்பும் (எஞ்சினிலிருந்து வளைந்து வரும் குழாய்) கலெக்டர் என்ற இணைப்பில் சேர்ந்து ஒரே சைலன்சராகப் பின்னால் போகிறது. இதில் அலை திரும்ப இரண்டு இடங்கள் கிடைக்கின்றன: கலெக்டரில் ஒரு பகுதி, வால் முனையில் மீதி. அந்த மொத்த நீளம்தான் கீழ் ஆர்பிஎம்மில் உதவுகிறது. கொல்லிமலையில் இப்போது 2000-இலிருந்தே ஒரே சீராக இழுக்கிறது, சில வளைவுகளில் மூன்றாவது கியரே போதும். மைலேஜ் பெரிதாக மாறவில்லை, லிட்டருக்கு 20-ஐ ஒட்டியே நிற்கிறது.

"இரண்டு பைப்பும் ஒரே நீளம் இல்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. என்னுடையதில் முன் சிலிண்டரின் பைப் பின்னதைவிட ஒரு சாண் நீளம். டுகாட்டி 916 என்ற ஸ்போர்ட்ஸ் பைக்கில் நீளத்தைச் சமமாக்கப் பின் பைப்பைச் சீட்டுக்கு அடியில் வளைத்து வளைத்து விட்டிருப்பார்கள். ரேஸ் வண்டிக்கு அது சரி. ஸ்போர்ட்ஸ்டரில் சிலிண்டர்கள் 45 டிகிரி வி வடிவில் நிற்கின்றன, இரண்டு பிஸ்டனும் சுற்றுவது ஒரே கிராங்க் பின்னை. முன் சிலிண்டர் வெடித்து 315 டிகிரி கழித்துப் பின் சிலிண்டர், அப்புறம் 405 டிகிரி கழித்து மறுபடி முன். வெடிப்பே சமமில்லாதபோது பைப்பை மட்டும் சமமாக்கி என்ன ஆகிவிடும்? நீளம் வேறுபட்டால் இரண்டு சிலிண்டரும் வெவ்வேறு ஆர்பிஎம்மில் உச்சம் தொடும், இழுவை பரவலாகக் கிடைக்கும். ரோட்டுக்கு அது நல்லதுதான் என்பேன்.

குறைகளும் உண்டு. 5000-க்கு மேல் டிராக் பைப்தான் லேசாக ஓடும், அதை மறுக்க முடியாது. கலெக்டர் வலது பக்கம் தாழ்வாகத் தொங்குவதால் உயரமான வேகத்தடையில் உரசும். நகர நெரிசலில் பின் பைப்பின் சூடு வலது காலைப் பதம் பார்க்கும். மேப்பும் (எஞ்சின் கம்ப்யூட்டரில் பெட்ரோல் அளவைச் சொல்லும் அட்டவணை) மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் ஆக்சிலேட்டரை விடும்போது பட் பட் என்று வெடிக்கும். அதே சத்தம் ஹெட் பக்கத்து கேஸ்கட் கசிந்தாலும் வரும், அதனால் மேப்பைக் குறை சொல்லும் முன் அதை இறுக்கிப் பாருங்கள்.

செலவு செய்ய மனமில்லையா, ஒரிஜினலையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பைப்பையும் நடுவே இணைக்கும் அந்தக் குறுக்குக் குழாய் நன்றாகவே வேலை செய்கிறது. டூ-இன்டூ-ஒன் அதைவிடக் கொஞ்சம்தான் மேல். வாங்குவதாக முடிவெடுத்தால், ஆக்சிஜன் சென்சார் துளையைக் கவனியுங்கள்: ஸ்போர்ட்ஸ்டரில் 2013 வரை 18 மில்லிமீட்டர், 2014 முதல் 12. பழைய வண்டியின் பைப் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தால், குறைக்கும் அடாப்டரையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.