பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை: ஆறு வருடம் ஆன்லைனில் ஸ்கூல் ஃபீஸ் கட்டிய அனுபவம்

2020 ஜூனில் இருந்து இரண்டு பிள்ளைகளுக்கும் ஸ்கூல் ஃபீஸை ஆன்லைனில்தான் கட்டி வருகிறேன். வருடத்துக்கு மூன்று டெர்ம், அதோடு வேன் ஃபீஸ் தனி, புத்தகம் தனி, தேர்வுக் கட்டணம் தனி. இதற்குள் ஸ்கூல் இரண்டு தடவை சிஸ்டத்தை மாற்றிவிட்டது. முதலில் ஒரு வெப்சைட், அப்புறம் ஒரு ஆப், இப்போது வேறொரு ஆப். மூன்றிலும் பணம் கட்டியிருக்கிறேன், மூன்றிலும் ஒரு தடவையாவது மாட்டியிருக்கிறேன். எந்த ஸ்கூல், எந்த ஆப் என்று சொல்லப் போவதில்லை. திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த பெற்றோர் நாலைந்து பேரிடம் கேட்டேன், வேறு வேறு ஸ்கூல், ஆனால் எல்லோரும் சொன்னது ஒரே கதை.

அதற்கு முன்னால் சலான்தான். ஸ்கூலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று மூன்று பாகமாக எழுதிக்கொண்டு போய் வங்கியில் வரிசையில் நிற்க வேண்டும், அரை நாள் லீவு போய்விடும். ஆனால் கவுன்ட்டரில் இருப்பவர் பணத்தை எண்ணி, சீல் குத்தி, நம் பாகத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டால் கவலை அங்கேயே தீர்ந்தது. பணம் கொடுக்கிறோம், ரசீது வாங்குகிறோம், இரண்டும் ஒரே நிமிடத்தில் நடக்கும். ஆன்லைனில் இந்த இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. என் குறை முழுவதும் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் பழகிவிட்டது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில்லிங் பார்க்கிறேன், வீட்டுக்கு வரவே எட்டரை ஆகிவிடும். பிள்ளைகள் தூங்கின பிறகு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஃபீஸ் கட்ட முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். சரியாக நடந்த தடவைகளில் இரண்டு நிமிடத்தில் முடிந்து ரசீதும் வந்திருக்கிறது. ஆன்லைனே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான்.

முதல் வெப்சைட்டில் படுத்தியது ஓடிபி. அட்மிஷன் படிவத்தில் அப்பா நம்பர் என்று ஒரு கட்டம் இருக்குமே, ஸ்கூல் அதைத்தான் எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், ஷிப்டுக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இங்கே நான் லாகின் செய்தால் அங்கே லாக்கருக்குள் இருக்கும் போனுக்கு ஓடிபி போகும். சாப்பாட்டு இடைவேளை எப்போது என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் நான் கடையில் இருந்து வெளியே வந்து நின்று, அவர் நம்பரைப் படிக்கப் படிக்க நான் அடிப்பேன், ஆறாவது எண் அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வரும். அம்மா நம்பரைச் சேர்க்கச் சொல்லி இரண்டு தடவை கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆப் வந்த பிறகுதான் மாறியது. ஃபீஸ் கட்டுவது, டைரியில் கையெழுத்துப் போடுவது, பெற்றோர் கூட்டத்துக்குப் போவது எல்லாம் அம்மாவாக இருக்கும் வீடுகள் எத்தனையோ, அந்த ஒரு கட்டத்தை முதலிலேயே இரண்டாக வைத்திருக்கலாம்.

கூடுதல் கட்டணம் பற்றியும் ஒரு வார்த்தை. நெட் பேங்கிங்கில் கட்டினால் 17 ரூபாய் 70 பைசா சேர்த்துக் காட்டும். 15 ரூபாய் கன்வீனியன்ஸ் ஃபீ, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. படிப்புக்கான ஃபீஸுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதைக் கட்டும் வசதிக்கு உண்டு. கிரெடிட் கார்டு என்றால் சதவீதக் கணக்கு, தொகை பெரிதானால் இதுவும் ஏறும். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் பணத்தைப் பெறும் கடையிடமோ நிறுவனத்திடமோ கமிஷன் பிடிக்கக் கூடாது என்று இருக்கிறது, அதனால் யுபிஐயில் கட்டும்போதும் கூடுதலாகக் காட்டினால் எதற்கு என்று ஸ்கூலில் கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பணம் மாட்டுவதில் இரண்டு வகை இருக்கிறது, இது தெரியாமல்தான் நான் மூன்று வருடம் திண்டாடினேன்.

2023 ஜூன் 10, கடைசித் தேதி. மகளுக்கு 14,750 ரூபாய். யுபிஐ பின் அடித்தேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, கணக்கில் பணம் கழிந்ததாக வங்கி மெசேஜ் வந்தது, ஆப்பில் மட்டும் சிவப்பு எழுத்தில் 'தோல்வி' என்று வந்து நின்றது. மணி பத்தே முக்கால். பன்னிரண்டு தாண்டினால் லேட் ஃபீஸ். பயத்தில் திரும்பவும் கட்டினேன், இந்த முறை ரசீது வந்தது. மொத்தம் 29,500 போய், மாதம் பத்தாம் தேதியே கணக்கில் 1,100 ரூபாயோடு நின்றேன். பால்காரருக்குக் கொடுக்க வைத்திருந்ததும் அதிலேதான் இருந்தது. முதலில் கட்டிய பணம் நாலாவது நாள் தானாகவே திரும்பி வந்தது.

இதற்கு ஒரு விதி இருக்கிறது, எனக்கு அப்போது தெரியாது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20இல் போட்ட சுற்றறிக்கை. கடைக்கோ நிறுவனத்துக்கோ யுபிஐயில் கட்டிய பணம் நம் கணக்கில் கழிந்து, அந்தப் பக்கம் உறுதியாகவில்லை என்றால், கட்டிய நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பி வந்தாக வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும், நாம் கேட்காவிட்டாலும் தர வேண்டும். ஆக, பணம் தொலைந்து போகாது. ஆனால் வங்கிக்கு ஐந்து நாள் அவகாசம், நமக்கு அன்று இரவு பன்னிரண்டு மணி வரைதான் அவகாசம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் இரண்டு தடவை கட்டுகிறோம்.

இரண்டாவது வகை இதைவிட மோசம். 2024 டிசம்பர் கடைசியில் மகனுக்கு மூன்றாம் டெர்ம் கட்டினேன். பின் அடித்து முடித்த நேரத்தில் கடையில் இருந்து ஒரு போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆப் முதல் பக்கத்துக்குப் போய்விட்டது, ஃபீஸ் பாக்கி அப்படியே நிற்கிறது. சரி, போன தடவை மாதிரி திரும்பி வந்துவிடும் என்று ஐந்து நாள் பொறுத்தேன். வரவில்லை. வங்கிக்குப் போனால், "உங்க பேமென்ட் சக்சஸ்மா, பணம் அவங்களுக்குப் போயிருச்சு" என்கிறார்கள். ஸ்கூலில் கேட்டால், "எங்களுக்கு வரலை மேடம், சிஸ்டத்துல பெண்டிங்னுதான் காட்டுது" என்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கல்.

என் சித்தி மகன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவன்தான் விளக்கினான். நாம் கட்டும் பணம் நேரே ஸ்கூலுக்குப் போவதில்லை, நடுவில் ஒரு பேமென்ட் நிறுவனம் வாங்கி வைத்து, ஒன்றிரண்டு நாளில் பல பேருடைய பணத்தை மொத்தமாகச் சேர்த்து ஸ்கூல் கணக்கில் போடுகிறது. 'இன்ன மாணவருக்குப் பணம் வந்தாச்சு' என்கிற செய்தி மட்டும் தனியாக ஆப்புக்குப் போக வேண்டும். நன்றாகச் செய்த ஆப்பில் அந்தச் செய்தி சர்வரில் இருந்து சர்வருக்கு நேராகப் போகும், நம் போன் அணைந்துவிட்டாலும் போய்ச் சேரும். ஏனோதானோ என்று செய்த ஆப் நம் போன் திரை திரும்பி வருவதையே நம்பியிருக்கும். நடுவில் போன் வந்தாலோ, சிக்னல் போனாலோ, பேக் பட்டனைத் தொட்டாலோ செய்தி அறுந்துவிடும். பணம் மட்டும் போய்விடும். 'பக்கத்தை மூடாதீர்கள், பேக் பட்டனை அழுத்தாதீர்கள்' என்று நம்மைப் பயமுறுத்துவது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வங்கியைப் பொறுத்தவரை இது வெற்றி பெற்ற பரிவர்த்தனை, அதனால் தானாகத் திரும்பி வரவே வராது.

பதினொரு நாள் ஆயிற்று தீர. இதற்கு நடுவில் ஒரு நாள் வகுப்பில் ஃபீஸ் கட்டாதவர்கள் பட்டியலை வாசித்தார்கள். மகன் ஏழாம் வகுப்பு. வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல், "நீ கட்டினேன்னு சொன்னியே அம்மா?" என்று கேட்டான். போனை எடுத்து வங்கி மெசேஜைக் காட்டினேன். தேதி, தொகை எல்லாவற்றையும் படித்தான். "அப்புறம் ஏன் மிஸ் என் பேரை வாசிச்சாங்க?" என்றான். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சிஸ்டத்தில் இருக்கும் ஓட்டைக்குப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்க வைக்கக் கூடாது. ஃபீஸ் பாக்கி பெற்றோருக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் உள்ள கணக்கு, அது வகுப்பறைக்குள் போகவே கூடாது.

கடைசியில் எது தீர்த்தது என்றால், 12 இலக்க யுடிஆர் எண், அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனியாகக் கிடைக்கும் அடையாள எண். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் கீழே இருக்கும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பி அனுப்பிப் பலன் இல்லை, ஸ்கிரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அவர்கள் நம்புவதில்லை. அந்த எண்ணையும் தேதியையும் எழுதி நடுவில் இருக்கும் பேமென்ட் நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஸ்கூல் பெயர் வராது, இவர்கள் பெயர்தான் வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இன்ன தேதியில் ஸ்கூல் கணக்குக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். அக்கவுண்ட்ஸ் மேடம் எக்செல் ஷீட்டைத் திறந்து அந்த 12 எண்ணையும் அடித்துத் தேடினார்கள். மூன்று நொடியில் வந்தது. பதினொரு நாள் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருந்திருக்கிறது.

எங்கள் கடையில் இரவு கணக்கு நேராகவில்லை என்றால் கண்டுபிடிக்கும் வரை உட்காருவோம். அனுப்பிவிட்டேன் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னால் முதலில் எங்கள் ஸ்டேட்மென்ட்டைத்தான் பார்ப்போம், திரும்ப அனுப்புங்கள் என்று சொன்னதே இல்லை. பணம் வாங்குபவர்தான் முதலில் தேட வேண்டும். அதை ஸ்கூலில் எதிர்பார்ப்பது தப்பா?

இப்போது நான் செய்வது இதுதான். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே கட்டிவிடுகிறேன், அந்த ஐந்து நாள் உள்ளே அடங்கட்டும் என்று. கட்டும்போது நெட்டை அணைக்காமல் அழைப்பை மட்டும் தடுத்து வைக்கிறேன். முடிந்ததும் யுடிஆர் எண்ணை ஒரு நோட்டில் கையால் எழுதுகிறேன், ரசீதை டவுன்லோட் செய்து எனக்கே மெயில் அனுப்பிக்கொள்கிறேன். வெப்சைட்டில் இருந்து ஆப்புக்கு மாறியபோது பழைய ரசீதெல்லாம் போய்விட்டன, வருமான வரியில் 80சி கழிவுக்கு டியூஷன் ஃபீஸ் ரசீது கேட்டு வீட்டுக்காரர் கம்பெனியில் ஜனவரியில் நெருக்கியபோது நாய் படாத பாடு பட்டோம். தோல்வி என்று வந்தால் உடனே திரும்பக் கட்டாமல் யுபிஐ ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனைக்குள் போய்ப் புகார் பதிகிறேன். வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், 2021 நவம்பரில் இருந்து எல்லா வங்கிக்கும் ஒரே இடம்தான், கட்டணம் கிடையாது.

இன்னொன்று, புதுப் போன் வாங்கினால் ஃபீஸ் கட்டின பிறகு வாங்குங்கள். புதுப் போனில் யுபிஐயைப் பதிந்ததும் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. பாதுகாப்புக்காகத்தான், ஆனால் முந்தின நாள் போனை மாற்றிவிட்டுக் கடைசித் தேதியில் உட்கார்ந்த எனக்கு அது யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு லேட் ஃபீஸ் கட்டினேன்.

இப்போதைய ஆப்பில் 'மாதத் தவணை, வட்டி இல்லை' என்று ஒரு பட்டன் பச்சையாக மின்னுகிறது. ஸ்கூல் கொடுக்கும் தவணை என்று நினைத்துத் தொட்டுவிடாதீர்கள். ஆதார், பான் கேட்கும்போதே நான் நிறுத்திவிட்டு விதிமுறையைப் படித்தேன். அது ஒரு நிதி நிறுவனம் நம் பெயரில் கொடுக்கும் கடன். ஸ்கூலுக்கு முழுப் பணமும் போய்விடும், ஒரு தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் நம் சிபில் மதிப்பெண் குறையும். தேவைப்படுகிறவர்கள் தெரிந்து எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் கடன் என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

எனக்குப் படிக்கத் தெரிகிறது, மெயில் போடத் தெரிகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு? நிலக்கோட்டையில் இருந்து வரும் பூவை வாங்கிக் கட்டி விற்கிறார். கையில் வருவது ரொக்கம். ஸ்கூலில் ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் 50 ரூபாய் கொடுத்துக் கட்டுவார், அவர்கள் அவசரத்தில் தங்கள் மெயிலையே போட்டுவிடுவார்கள், ரசீது அங்கேயே தங்கிவிடும். மகள் ஆறாவது படிக்கிறாள். 2025 அக்டோபரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் ஸ்கூல்களில் ஃபீஸ் வாங்குவதை யுபிஐ போன்ற முறைகளுக்குக் கொண்டுவரச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. வரட்டும். ஒரு ரொக்கக் கவுன்ட்டரையும் கூடவே வைத்திருக்கச் சொல்லியிருந்தால் அக்காவுக்கு அந்த 50 ரூபாய் மிச்சமாகும்.

நாங்கள் பதினாலு பெற்றோர் சேர்ந்து ஸ்கூலுக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். யுடிஆர் எழுதிக் கொடுத்தால் அன்றே தேடிப் பார்க்க வேண்டும், பணம் கழிந்ததற்கு ஆதாரம் இருந்தால் லேட் ஃபீஸ் போடக் கூடாது, வகுப்பில் பெயர் வாசிக்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாளாவது ரொக்கம் வாங்க வேண்டும். முதலாவதுக்கு அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்துவிட்டார்கள். பெயர் வாசிப்பதும் நின்றுவிட்டது. மற்ற இரண்டுக்கும் பதில் இல்லை, பொங்கலுக்கு முன்னால் திரும்பப் போய்க் கேட்கப் போகிறோம். அக்காவிடம் மூன்றாம் டெர்ம் பணத்தை 3ஆம் தேதியே எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், என் போனில் கட்டி, எண்ணை அவர் மகள் நோட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று.