ஒரு கன மீட்டர் பயோகேஸ் கலன்: குமரி மாவட்ட வீடுகளுக்கு ஒத்துவருமா?

அடுக்களைக் கழிவைப் போட்டு அடுப்பெரிக்கும் 1 கன மீட்டர் மிதவை டிரம் (கேஸ் சேரச் சேர மேலே எழும்பும் டிரம்) பயோகேஸ் கலன் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டம், அதாவது எல்லோரும் நார்டெப் என்று சொல்வது, ‘சக்தி சுரபி’ என்ற பெயரில் இந்த வகைக் கலனை இங்கிருந்துதான் பரப்பியது. இன்று பல கம்பெனிகள் ஏறக்குறைய இதே அமைப்பை வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன. ஆகவே கீழே சொல்வது எந்த ஒரு கம்பெனிக்குமான மதிப்பெண் இல்லை, இந்த வகைப் பொருளுக்கான மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தினமும் 3, 4 கிலோ கழிவு சேர்கிற இடத்துக்கு இது நல்ல பொருள். நாலு பேர் உள்ள ஒரு வீடு, தன் கழிவை மட்டும் நம்பிப் பணம் போட்டால் ஏமாற்றம்தான் வரும். பக்கத்தில் இரண்டு வீட்டைச் சேர்த்துக்கொண்டால் கணக்கே மாறிவிடும். அதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்குக் காரணம் உண்டு.

விற்பவர்கள் “5 கிலோ கழிவுக்கு 1 கன மீட்டர் கேஸ்” என்பார்கள். மிஞ்சிய சோறு போல மாவுச்சத்து நிறைந்த பொருளே 5 கிலோ போட்டால் அந்த அளவை எட்டலாம். சோற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உலர்பொருள். காய்த்தொலியில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம், மீதி தண்ணீர். கேஸ் வருவது உலர்பொருளிலிருந்து மட்டுமே. நாலு பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிலோ கழிவு சேரும். அதிலிருந்து 150 முதல் 200 லிட்டர் கேஸ் கிடைக்கும். மணிக்கு 220 லிட்டர் குடிக்கும் சின்ன பர்னரில் முக்கால் மணி நேரம் எரியும். காலையில் சாயாவும் ஒரு குழம்பும் ஆகும், அவ்வளவுதான்.

1 கன மீட்டர் பயோகேஸ் ஏறக்குறைய 0.45 கிலோ எல்பிஜிக்குச் சமம். அப்படியானால் தனி வீட்டுக்கு மாதம் இரண்டரை கிலோ மிச்சம். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் மாதம் 150 ரூபாய். கலனோ இருபதாயிரத்துக்கு மேல் போகும் பொருள். 25,000 ரூபாய் என்று கொண்டால் போட்ட காசு திரும்ப 14 வருடம் ஆகும். அதே கலனில் மூன்று வீட்டுக் கழிவு 4 கிலோ விழுந்தால் அரை கன மீட்டருக்கு மேல் கேஸ் வரும், மாதம் ஏழு கிலோ எல்பிஜி மிச்சமாகும், ஐந்து வருடத்துக்குள் காசு திரும்பிவிடும். கலனின் கொள்ளளவு மூன்று வீட்டையும் தாங்கும். 4 கிலோ கழிவும் 4 லிட்டர் தண்ணீரும் என்றால் நாளுக்கு 8 லிட்டர்தான், 1000 லிட்டர் தொட்டியில் அது நூறு நாளுக்கு மேல் தங்கிச் செரிக்கும்.

அந்த மூன்று வீட்டில் யாருக்குக் கேஸ் போகவேண்டும் என்பதையும் யோசித்துவிட்டே வாங்குங்கள். கொதும்பும் தென்னமட்டையும் ரப்பர் விறகும் எரிக்கிற அடுக்களைகள் நம் மாவட்டத்தில் இன்னும் உண்டு. இரண்டாவது சிலிண்டர் வாங்கத் தயங்கும் வீடுகளில் விறகுப் புகையைச் சுவாசிப்பது அங்கே சமைக்கும் பெண்கள். 20 மீட்டர் குழாய்க்குள் எட்டக்கூடிய தூரத்தில் அப்படி ஒரு வீடு இருந்தால் அடுப்பை அங்கே வையுங்கள். கழிவு நீங்கள் கொடுங்கள், கலனிலிருந்து வெளியேறும் கரைசல் உரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எல்பிஜி ஏற்கெனவே தாராளமாக உள்ள வீட்டில் இந்தக் கேஸ் தரும் பயனைவிடப் புகை நிற்கும் வீட்டில் தரும் பயன் பல மடங்கு.

இனி எந்த மாடல் என்று பார்ப்போம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இரும்பு டிரம் வேண்டவே வேண்டாம். வெளியில் உப்புக்காற்று, உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு, இரண்டும் சேர்ந்து ஓட்டை போட்டுவிடும். ஃபைபர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் டிரம் நல்லது. பலூன் மாடல் விலை குறைவு, ஆனால் அழுத்தம் போதாமல் மேலே பாரம் ஏற்றவேண்டி வரும், காக்கையும் பூனையும் கிழிக்கும், வெயில் அடித்து ஷீட் வெடிக்கும். மிதவை டிரம்மிலும் இரட்டைச் சுவர் வைத்து நடுவில் தண்ணீர் நிற்கும் மாடலையே கேளுங்கள். ஒற்றைச் சுவர் மாடலில் டிரம்மைச் சுற்றியுள்ள இடைவெளியில் கரைசல் வெளியே தெரியும், அதன் வழியாக நாற்றமும் வரும், கேஸும் போகும். இரட்டைச் சுவர் நடுவிலுள்ள தண்ணீரில் கொசு முட்டையிடாதிருக்க இரண்டு கரண்டி வேப்பெண்ணெய் ஊற்றுவது போதும். கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தைப் பார்த்து நிரப்பவேண்டும்.

கடைக்காரர்கள் பேசாத ஒரு விஷயம் கழிவு ஊற்றும் வாயின் உயரம். பல மாடல்களில் அது நெஞ்சளவு இருக்கும். தினமும் ஒரு வாளியைத் தூக்கி ஊற்றப்போவது பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண், பல வீடுகளில் முழங்கால் வலியுள்ள அம்மா. ஆண்கள் வளைகுடாவில் இருக்கும் வீடுகள் நம்மூரில் எத்தனை! வாய் இடுப்பளவுக்கு மேல் போனால் அகலமான இரண்டு படி கட்டியாகவேண்டும். அந்தச் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

இடம்: நாளில் பாதி நேரமாவது வெயில் விழவேண்டும். கிணற்றிலிருந்து 10, 15 மீட்டர் தள்ளி வேண்டும். தென்னைக்குக் கீழே வைக்கவே கூடாது. ஒரு நெற்று விழுந்தால் ஃபைபர் டிரம் கீறிவிடும். அடித்தளம் சமமாக இல்லாவிட்டால் டிரம் சாய்ந்து மாட்டிக்கொள்ளும். ஆடி மழையும் ஐப்பசி மழையும் என்று நமக்கு இரண்டு பருவமழை; கரைசல் வெளியேறும் வாய்க்கு மூடியில்லாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போய்க் கரைசல் நீர்த்துவிடும். மற்றபடி குளிர் என்ற தொல்லை இங்கே இல்லை. மழை மாதங்களில் கேஸ் குறையும், அடியோடு நிற்காது.

தொடங்கும்போது குறைந்தது 200 கிலோ பசுஞ்சாணம் வேண்டும். சம அளவு தண்ணீரில் கரைத்து, வைக்கோலும் கல்லும் வடிகட்டி ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்பவேண்டும். மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்ட நாட்களின் சாணம் வேண்டாம், நுண்ணுயிர் செத்துவிடும். பத்துப் பதினைந்து நாளில் டிரம் எழும்பும். முதல் இரண்டு நிரப்பைப் பற்றவைக்கக் கூடாது. உள்ளே காற்று கலந்திருக்கும், தீ பின்னோக்கி ஓடும் ஆபத்து உண்டு. அதை மட்டும் வெளியே விட்டுவிடலாம். பிறகு நாளுக்கு அரைக்கிலோ கழிவில் தொடங்கி, வாரத்துக்கு அரைக்கிலோ வீதம் கூட்டவேண்டும்.

பல கலன்கள் பழுதாவது இந்த முதல் மாதத்தில்தான். விருந்து முடிந்து மிஞ்சிய பத்துக் கிலோ சோற்றை ஒரே நாளில் தட்டிவிடுவார்கள். இந்தக் கலன் மாட்டு வயிறு மாதிரி. தீனி திடீரென்று மாறினால் செரிக்காது. சோறு வேகமாகப் புளித்து அமிலமாகும், மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் மெதுவாக வளர்வது, அமிலத்தில் அடங்கிப்போகும். அறிகுறி தெளிவாகத் தெரியும்: டிரம் எழும்பும், ஆனால் தீ பற்றாது. வருவது கரியமில வாயு. கரைசலில் புளித்த மோர் நாற்றம் அடிக்கும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 6.5க்குக் கீழே காட்டும். இருக்கவேண்டியது 6.8 முதல் 7.5 வரை. ஒரு வாரம் தீனியை நிறுத்துங்கள், இரண்டு வாளி சாணக் கரைசல் ஊற்றுங்கள், ஒரு கைப்பிடி நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து விடுங்கள். பெரும்பாலும் தேறிவிடும். கலனைக் கவிழ்த்துக் கழுவச் சொல்லும் மெக்கானிக் பேச்சைக் கேட்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

போடத்தக்கவற்றில் முதல் இடம் வடித்த கஞ்சித்தண்ணீருக்கு. மாவுச்சத்தும் உள்ளது, கழிவைக் கரைக்கும் தண்ணீராகவும் ஆகும். சோறு, குழம்பு, பழத்தொலி, கெட்டுப்போன மாவு எல்லாம் சரி, எலுமிச்சை, ஆரஞ்சுத் தொலி தவிர. அதன் எண்ணெய் நுண்ணுயிருக்கு ஆகாது. சக்கை (பலா) சீசனில் அதன் மடலையும் சவிணியையும் அளவோடு போடுங்கள், சர்க்கரை அதிகம், சீக்கிரம் புளிக்கும். மரச்சீனி (மரவள்ளி)த் தொலியில் சயனைடு தரும் பொருள் இருப்பதால் கைப்பிடிக்கு மேல் வேண்டாம். மீன் குடலும் செதிளும் நல்ல கேஸ் தரும், ஆனால் புரதம் மிகுந்தால் அம்மோனியா ஏறும். மொத்தக் கழிவில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்தி, சோற்றோடு கலந்தே போடவேண்டும். கருவாடு கழுவிய உப்புத்தண்ணீர், பினாயில், சோப்புத்தண்ணீர் சேரக்கூடாது. எலும்பு, முட்டைத்தோடு, சிப்பி ஓடு, கதம்பை (தேங்காய் மட்டை), வாழையிலை ஆகியவை செரிக்காமல் அடியில் தங்கியோ மேலே மிதந்தோ வாயை அடைக்கும்.

அடுப்பு கலனோடு வரும் பயோகேஸ் அடுப்பாகவே இருக்கவேண்டும். டிரம் தரும் அழுத்தம் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் அளவைத் தாண்டாது, எல்பிஜி ரெகுலேட்டர் தருவது அதைப்போல மூன்று மடங்கு. ஆகவே ஜெட் துளை பெரிதாக வேண்டும். எல்பிஜி அடுப்பின் ஜெட்டைத் துளைபோட்டுப் பெரிதாக்கித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். குழாய் கலனை நோக்கிச் சரிந்து போகவேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே ஈரம் தேங்கித் தீ துடிக்கும். தொய்வைத் தவிர்க்க முடியாத இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு சின்ன வால்வு போதும். அணிலும் எலியும் கடிக்கும் இடங்களில் ரப்பர் ஹோஸுக்குப் பதில் பிவிசி போடுங்கள்.

கசிவைப் பற்றி யாரும் கவலைப்படாததுதான் எங்களுக்குக் கவலை. 1 கன மீட்டர் பயோகேஸில் ஏறக்குறைய 400 கிராம் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும். எரிக்காமல் விட்டால் 11 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். அதே கேஸ் எல்பிஜியை மிச்சப்படுத்தித் தடுப்பதோ ஏறக்குறைய 1.35 கிலோ. அதாவது எட்டில் ஒரு பங்கு கசிந்தாலே எல்பிஜி மிச்சத்தால் வந்த பலன் போய்விடும். மாதம் ஒருமுறை சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. இரவில் டிரம் உச்சிக்கு வந்து ஓரத்தில் குமிழி விட்டால் தீனி அதிகம் என்று பொருள், அடுத்த நாள் குறைக்கவேண்டும்.

ஆனால் பெரிய லாபம் அடுப்பில் இல்லை, குப்பைக் கூடையில்தான். ஈரக்கழிவு கூடையை விட்டு விலகினால் மீதி உலர்ந்த குப்பை சுத்தமாக இருக்கும். மூன்றாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின. பிரிக்காமல் கட்டிக் கொடுக்கும் கவரை அவிழ்த்து, அழுகிய சோற்றுக்குள் கைவிட்டு பிளாஸ்டிக்கை எடுப்பவர் தூய்மைப் பணியாளர். கண்ணாடித் துண்டோ ஊசியோ குத்துவதும் அவரை. எஞ்சியது கிடங்குக்குப் போகும். நாகர்கோவில் வலம்புரிவிளைக் கிடங்கில் தீப்பிடித்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றிலும் குடியிருப்பவர்கள். குவிந்த ஈரக்கழிவுதான் உள்ளே சூட்டையும் மீத்தேனையும் உண்டாக்குகிறது. கழிவு யார் வீட்டில் உண்டானதோ அந்த வீட்டு வளவுக்குள்ளேயே தீர்வது நியாயம்.

ஆனாலும் இடமில்லாதவர்களுக்கு இந்தக் கலனைத் திணிக்கக்கூடாது என்கிறோம். தினமும் ஊற்றும் அளவுக்கே கரைசலும் வெளியே வரும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டைச் சுற்றி விளை (தோட்டம்) இருப்பவர்களுக்கு அது வரம். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கும் காய்கறிக்கும் விடலாம், தென்னைக்கு அப்படியே ஊற்றலாம். சுவரோடு சுவர் ஒட்டிய கடற்கரை வீடுகளிலும் மூன்று சென்ட் வீடுகளிலும் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? அங்கே மூடிய மண்பானையில் காய்ந்த சருகும் கழிவும் அடுக்கடுக்காகப் போட்டு உரமாக்குவது மலிவு, போதுமானது. தெருவுக்கு ஒரு பெரிய கலன் வைத்து அங்கன்வாடிக்கோ பள்ளிச் சமையலுக்கோ கேஸ் கொடுக்கச் சொல்லி ஊராட்சியிடம் கேட்பது அதைவிட நல்லது.

வாங்கும் முன் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு கலனை, வைத்து ஒரு மழைக்காலமாவது கழிந்த கலனை, நேரில் போய்ப் பாருங்கள். நாற்றமடிக்கிறதா, டிரம் நேராக ஏறி இறங்குகிறதா, தீ நீலமாக எரிகிறதா என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். பர்னர், வால்வு, ஹோஸ் மூன்றும் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தனியாகக் கிடைக்குமா, டிரம் கீறினால் ஃபைபர் ஒட்டித் தர யார் வருவார் என்று பில் போடும் முன்பே எழுதி வாங்குங்கள். இரண்டு வாரம் வீட்டைப் பூட்டிப் போவதாக இருந்தால் நாலு நாள் முன்பே தீனியைப் பாதியாக்கி, சேர்ந்த கேஸை எரித்துத் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பியதும் அரைக்கிலோவிலிருந்து மறுபடி ஏற்றிக்கொண்டு வரலாம், புதிதாகச் சாணம் தேவைப்படாது.